அப்பா ஆதரித்த ஒரு சட்டம்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் அரைவாசிப் பேரை எனக்குத் தெரியாது. ஆனால் அப்பாவை உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதை இறுதிக் கிரியை அன்று கண்டேன். மண்டபத்தில் இடம் போதாமல் கார் நிறுத்துமிடம் வரைக்கும் குளிரில் நின்றீர்கள். ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து, "ரேடியோவில ஐயாவின்ர குரலைக் கேட்டாத்தான் பிள்ளை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியும்" என்றீர்கள். மிக்க நன்றி. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அழுதுகொண்டு நின்ற அந்த நேரத்திலும் எனக்கு உங்கள் எல்லோர் மேலும் பொறாமையாக இருந்தது. நான் அவருடைய ஒரே பிள்ளை. என்னோடு அவர் பேசியதை விட உங்களோடுதான் கூடுதலாகப் பேசியிருக்கிறார்.

அப்பா சுன்னாகத்துக்கு அருகே ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர். படிப்பு முடிந்து கூட்டுறவுச் சங்கக்கடையில் எழுதுவினைஞராகச் சேர்ந்த காலத்தில் அரிசிக்கும் சீனிக்கும் கட்டுப்பாடு இருந்தது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அரிசி கொண்டுபோவதையும் வீதியில் மறித்துப் பையைப் பிரித்துப் பார்ப்பார்களாம். பிள்ளை பெற்றிருந்த தங்கைக்கு அப்பா கொண்டுபோன அரிசியை ஒருநாள் அப்படிப் பறித்துவிட்டார்கள். அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வந்த கோபம் அன்று தொடங்கியது என்று சொல்வார். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இந்தக் கதையை அப்பா எடுக்கும்போதெல்லாம் விடமாட்டார்.

"அத்தான், அதே அரசாங்கம் வெளிநாட்டு வெங்காயத்தை மறிச்சபடியாலதான் உங்கட ஐயா தோட்டத்தில உழைச்சுக் கல்வீடு கட்டினவர். அதையும் ஒருக்கா ரேடியோவில சொல்லுங்கோவன்."

"அது வேற கதை" என்று அப்பா தேநீரை உறிஞ்சுவார். அந்த வேறு கதையை அவர் கடைசி வரைக்கும் சொல்லவேயில்லை.

நாட்டில் போர் நிலைமை முற்றியபோது லண்டனுக்கு வந்தார். குரோய்டன் குடிவரவுக் கட்டடத்து வரிசைகளில் நின்றார், பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார், அம்மாவைக் கூப்பிட்டார், ஈஸ்ட் ஹாமில் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு மரக்கறிக் கடை போட்டார். தராசைப் பார்க்க ஓர் அதிகாரி, குப்பைத் தொட்டியைப் பார்க்க இன்னோர் அதிகாரி, வாசலில் வைத்த கத்தரிக்காய்ப் பெட்டி நடைபாதையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளக்க மூன்றாவது ஆள். எல்லோரையும் "சேர்" என்று கூப்பிட்டுச் சிரித்து அனுப்பிவிட்டு, அவர்கள் தெருமுனை திரும்பியதும் தொடங்குவார். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு வாழைக்காய் அடுக்கியது அம்மாவும் நானும்தான். ஒருநாளும் பெனிபிட் காசு என்று அரசாங்கத்திடம் கை நீட்டியதில்லை. உதவி கேட்டு வந்த எவரையும் வெறுங்கையோடு அனுப்பியதுமில்லை. இந்த இரண்டையும் அவருக்கு ஆகாதவர்கள்கூட ஒப்புக்கொள்வார்கள்.

கடையை விற்ற பிறகு வானொலி வந்தது. மீதியை நீங்கள் அறிவீர்கள். ஞாயிறு காலை நிகழ்ச்சியில் தேர்தல், வரி, சிறு கடைகளை நெரிக்கும் விதிகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து உரிப்பார். மிகவும் பிடித்த விடயம் வைத்தியசேவைச் சீர்திருத்தம். "காசு காணாது, காசு காணாது எண்டு அழுகினம். குடுத்த காசு நோயாளியின்ர கட்டிலுக்குப் போகுதோ, மனேச்சரின்ர கதிரைக்குப் போகுதோ?" என்று கேட்பார். வைத்தியரிடம் சந்திப்பு நேரம் எடுத்துவிட்டுப் போகாதவர்களிடம் சிறு கட்டணம் வாங்க வேண்டும் என்பார். அரசாங்கம் ஆஸ்பத்திரியோடு நிற்க வேண்டும், எங்கள் குசினிக்குள் வரக்கூடாது என்பார். எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு வசனம் இருந்தது. நேயர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

"தாய் தேப்பனைக் குளிப்பாட்டுறதுக்கும் கவுன்சில்தான் ஆள் அனுப்ப வேணும் எண்டால், பிறகு பெத்த பிள்ளையள் என்னத்துக்கு?"

அந்த அரச வைத்தியசேவையில்தான் நான் தாதியாக வேலை செய்கிறேன். அவர் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. மற்றப் பாதிக்கு மறுமொழி வைத்திருந்தேன். ஆனால் சொல்ல முடியவில்லை. நான் வாய் திறந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். ஹரோவிலிருந்து ஓர் அம்மா தொலைபேசி எடுத்தால் மட்டும், "போன கிழமை முழங்கால் நோகுது எண்டனீங்கள், இப்ப எப்பிடி?" என்று கேட்பார். யாரோ ஒருவரின் முழங்காலை ஒரு கிழமை முழுவதும் மனத்தில் வைத்திருந்தவர், நீண்ட ஷிப்ட் முடிந்து அதே வீட்டுக்குள் நொண்டி நொண்டி வந்த என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த ஹரோ அம்மா இதை வாசிப்பார் என்று தெரியும். அம்மா, உங்கள் முழங்காலை எனக்கு அறவே பிடிக்காது.

அம்மா காலமான பின் நாங்கள் இருவரும்தான். பிறகு அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. இடப்பக்கம் விழுந்தது. பேச்சு தப்பியது, குரல்தான் தேய்ந்துபோனது. வைத்தியசாலையிலிருந்து அவரைக் கூட்டிவந்தபோது, வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தாலும், எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இனி இவர் எனக்குத்தான் என்று நினைத்தேன். லீவு எடுத்தேன். முதல் நாள் காலை வெந்நீர், துவாய், சவர்க்காரம் எல்லாம் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை."

"அப்பா, நான் தாதி. இதுதானே என்ர வேலை."

"நீ ஆஸ்பத்திரியில தாதி. இஞ்ச என்ர பிள்ளை. ஏலாது."

"நீங்கள்தானே ரேடியோவில அப்பிடிச் சொன்னீங்கள்?"

"அது பொதுவாச் சொன்னது" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். ஊரில் உள்ளவர்களின் அப்பாமாரை எல்லாம் கழுவித் துடைத்த கைகளை என் அப்பா தொடவிடவில்லை.

அப்படித்தான் கிரேஸ் வந்தார். வீடு வந்து முதியவர்களைப் பராமரிப்பவர், கானா நாட்டுப் பெண், என் வயது இருக்கும். கவுன்சில் ஒழுங்கு செய்தது. ஆனால் பணத்தைத் தன் சேமிப்பிலிருந்து தானே கட்டுவேன் என்று அப்பா நின்று சாதித்தார். முதல் நாளே அவரை "டாடி" என்று கூப்பிட்டார் கிரேஸ். கதவு சாத்தப்பட்டது. நான் துவாயோடு வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம், கிரேஸின் பாட்டு, பிறகு அப்பாவின் சிரிப்பு. அம்மா போன பிறகு நான் கேட்காத சிரிப்பு அது. வயிறு எரிந்தது. கிரேஸ் எதிர்க்கட்சிக்கு வாக்களிப்பவர். கால்சட்டை போட்டுவிடும்போதே அப்பாவோடு வாதாடுவார். அப்பா தோற்றுப்போய், "நீ கெட்டிக்காரி" என்பார். என்னிடம் தோற்கும் நிலை வந்தால் அப்பா தொலைக்காட்சிக்குப் போவார் என்று மேலே சொன்னேன்.

குரல் கொஞ்சம் திரும்பியதும் கட்டிலில் இருந்தபடியே தொலைபேசி வழியாக வானொலியில் பேசினார். எடுத்த எடுப்பில் ஒரு நேயர் கேட்டார்.

"வீட்டில ஆர் ஐயா பாக்கிறது? மகள்தானே?"

குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் தண்ணீரை நிறுத்தினேன்.

"ஒரு பிள்ளை வாறா" என்றார் அப்பா. "நல்ல பிள்ளை."

பொய் சொல்லாதவர்தான் என் அப்பா. ஆனால் பிள்ளை என்பது அவர் என்னைக் கூப்பிடும் பெயர். அதையும் தூக்கிக் கிரேஸிடம் கொடுத்துவிட்டார். அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை. மகளுக்குப் பசியில்லையாம் என்று கிரேஸிடம் சொல்லி, என் பங்கையும் சேர்த்து அவரே சாப்பிட்டார் அப்பா.

சில நாட்களின் பின் கிரேஸ் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அப்பாவின் கால் நகங்கள் வளர்ந்துவிட்டன, ஆனால் கால் நகம் வெட்டத் தங்களுக்கு அனுமதியில்லை, வயதானவர்களின் காலில் காயம் பட்டால் ஆறாது என்பதால் அப்படி ஒரு விதி, பாத வைத்தியரிடம் கேட்க வேண்டும் அல்லது வீட்டில் யாராவது வெட்ட வேண்டும் என்றார். எனக்கு அது புதிதல்ல. எங்கள் வார்டிலும் அதே விதிதான். தாதியாக நான் வெட்டக்கூடாது. மகளாக வெட்டலாம்.

நகம் வெட்டவும் சட்டமோ என்று அப்பா தொடங்கப் போகிறார் என்று காத்திருந்தேன். இதைவிட நல்ல தீனி அவருக்குக் கிடைக்காது. அவரோ ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நல்ல காலால் போர்வையைத் தள்ளிப் பாதத்தை வெளியே நீட்டினார்.

"அப்ப நீதான் வெட்ட வேணும் பிள்ளை."

அதன்பின் சனிக்கிழமைகள் எங்களுடையவை ஆயின. வெந்நீரில் காலை ஊறவைத்து, துவாயை மடியில் விரித்து, பாதத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அவசரப்படமாட்டேன். வெட்டி முடிந்த நகத்தையும் இன்னொரு தரம் அராவுவேன். அவரும் முடிந்துவிட்டதா என்று கேட்கமாட்டார். அரிசி கொண்டுபோன அந்தத் தங்கையைப் பற்றியும், அம்மாவை முதன்முதல் பார்த்ததைப் பற்றியும் எந்த வானொலியிலும் சொல்லாத கதைகளை எனக்குச் சொன்னார். ஒருநாள், "நாள் முழுக்க நிக்கிறாய், உனக்குக் கால் நோகிறேல்லையோ?" என்று கேட்டார். நோகும் அப்பா என்றேன். அன்று ஒவ்வொரு நகத்தையும் மூன்று தரம் அராவினேன்.

மாரி காலத்தில் வார்டில் ஆள் பற்றாக்குறை. சனிக்கிழமைகளும் வேலைக்கே போயின. பிறகு அப்பாவுக்கு நெஞ்சுச்சளி வந்து நிமோனியா ஆனது. அவர் ஆயுள் முழுக்கத் திருத்தப் பார்த்த அதே அரச வைத்தியசாலை ஒன்றில், நானும் மாமாவும் பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்ணை மூடினார். அங்கே அவரை நன்றாகப் பார்த்தார்கள். மனேச்சர் யாரையும் நாங்கள் காணவில்லை.

எட்டாம் நாள் செலவு என்கிற படையலுக்குக் கிரேஸ் பூங்கொத்தோடு வந்தார். நான் சாதத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். அவர்தான் சொன்னார். நான் தொடர்ந்து வேலைக்குப் போன அந்த நாட்களில் அப்பாவின் பெருவிரல் நகம் காலுறையில் கொழுவி இழுத்ததாம். கிரேஸுக்குப் பாவமாக இருந்ததால், தன் கைப்பையிலிருந்து நகம்வெட்டியை எடுத்து, "யாருக்கும் தெரியாது டாடி, ஒரு நிமிடம்" என்றிருக்கிறார். அப்பா பாதத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாராம்.

"இல்லை. சட்டம் என்றால் சட்டம்."

கிரேஸ் சிரித்துவிட்டார். காலை எழுந்தால் விதிகளைத் திட்டுகிற மனிதருக்கு இந்த ஒரு விதி மட்டும் எப்படிப் பிடித்தது என்று கேட்டிருக்கிறார்.

"இது நல்ல சட்டம். இதை எழுதினவனுக்கு மூளை இருக்கிறது. என் மகள் வரட்டும். அவளிடம் இதைச் சொல்லிவிடாதே."

என்னிடம் சொல்லாமல் அதையும் கிரேஸிடம்தானே சொன்னார் என்று எனக்கு இன்றும் எரிகிறது. எரியட்டும். அன்று கிரேஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்பாவின் சுகவீன காலத்தில் ஓடி ஓடி உதவிய மாமாவுக்கும், இறுதிக் கிரியையை முறைப்படி நடத்தித் தந்த ஐயருக்கும், உணவு சமைத்துக் கொண்டுவந்த ஈஸ்ட் ஹாம் அயலவர்களுக்கும், அப்பாவின் குரலை எட்டுத் திக்கும் கொண்டுபோன வானொலி அன்பர்களுக்கும், ஹரோ அம்மா உட்பட நேயர்கள் அனைவருக்கும், அப்பாவை என்னைவிட அதிகம் சிரிக்கவைத்த கிரேஸுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இவற்றோடு, பராமரிப்பாளர்கள் முதியவர்களின் கால் நகத்தை வெட்டக்கூடாது என்று ஏதோ ஓர் அலுவலகத்தில் இருந்து எழுதிவைத்த, முகம் தெரியாத அந்த அரசாங்க உத்தியோகத்தருக்கும், மகள் என்ற முறையில் என் தனிப்பட்ட நன்றி.