காலடியில் கிடந்த இசைத்தட்டு

அந்தக் கோடையில் நான் அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் ஓர் ஓட்டலில் சமையல்காரன். முதலாளியின் வேனை ஓட்டுவதும் என் வேலைதான். லண்டனிலிருந்து வந்த இரண்டு இசைக்காரர்களை ஒரு வாரம் கச்சேரிகளுக்கு அழைத்துப் போகச் சொன்னார். ஒருவன் வெள்ளைக்காரன். மற்றவன் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த பையன்.

அவர்களுடையது டிரம் அண்ட் பேஸ் என்ற வகை இசை. இரண்டு இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு ஒன்றோடொன்று கோப்பார்கள். மேலே மேளம் தறிகெட்டு ஓடும். கீழே இருந்து ஒரு சத்தம் வந்து நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும்.

"எப்படி அண்ணை எங்கட மேளம்?"

"பம்பை மாதிரிதான் இருக்குது தம்பி. ஆனா சாமி இறங்கறதுக்குள்ள அடுத்த பாட்டுக்குப் போயிடறீங்க."

தமிழ்ப் பையன் அதை இங்கிலீஷில் நண்பனுக்குச் சொன்னான். அதற்குப் பிறகு வெள்ளைக்காரன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைச் சுழற்றிச் சாமியாடிக் காட்டுவான்.

இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். மாடி உச்சியில் ஏரியல் கட்டி, அனுமதியில்லாத ரேடியோவில் தொடங்கியவர்கள். நடுவில் நல்ல பேர் எடுத்தார்கள். இப்போது லண்டன் பிள்ளைகள் வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டார்களாம்.

"இங்க ஒரு ரெக்கார்ட் கம்பெனி எங்களை எடுத்தால்தான் அண்ணை. இல்லாட்டி அவன் தகப்பனோட பெயின்ட் அடிக்கப் போவான், நான் மாமான்ர பெட்ரோல் ஷெட்டுக்கு."

கம்பெனி ஆள் சனிக்கிழமை சாயங்காலக் கச்சேரிக்கு வருவதாக இருந்தது. அவருக்கென்று ஒரு புதுப்பாட்டு வைத்திருந்தார்கள். அலுமினியத்தின் மேல் கறுப்புப் பூச்சு பூசிய ஒரே ஒரு தட்டு. இன்னொன்று வேண்டுமென்றால் லண்டனில்தான் பதிந்து வெட்ட வேண்டும்.

அன்று மத்தியானம் எங்கள் ஓட்டலிலேயே சாப்பிட நிறுத்தினேன். அவர்கள் உள்ளே போன பிறகு திரும்பிப் பார்த்தால், அந்தத் தட்டு பின் சீட்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில், ஷூ மண்ணுக்கு நடுவில் கிடந்தது. நிழலுக்காக அங்கே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பாட்டு காலில் படலாமா? எடுத்துத் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, டாஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு அடுப்படியில் கை கொடுக்கப் போய்விட்டேன்.

ஒன்றரை மணி நேர வெயில். திரும்பி வந்தபோது பூச்சு கொப்பளித்திருந்தது.

யார் இங்கே வைத்தது என்று ஒருவன் கேட்டான். நீதானே கடைசியாக இறங்கினாய் என்றான் மற்றவன். அவ்வளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். டிரைவரை யாரும் நினைக்கவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'நான்தான்' என்று சொல்வதற்குப் பதில் சாவியைத் திருகினேன். நான்கு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே எனக்கு நா எழாது.

சாயங்காலம் வேறு வழியில்லாமல் அதையே ஓட்டினார்கள். ஊசி குதித்தது. மறுபடி வைத்தார்கள், மறுபடி குதித்தது. கம்பெனி ஆள் இவர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். மேடைக்குப் பின்னால் இருவரும் கத்தியது வெளியில் நின்ற எனக்குக் கேட்டது. அதோடு முடிந்தது, இனி சேர்ந்து வாசிப்பதில்லை என்றார்கள்.

மறுநாள் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் தமிழ்ப் பையன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். வெள்ளைக்காரன் பின்னால். 

"பத்து வருசம் அண்ணை. செய்ததைக்கூட ஒத்துக்கொள்ளாதவனோட."

இப்போது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

"டீ குடிக்கலாமா தம்பி?" என்றேன்.

வேண்டாம் என்றான். இறங்கியதும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான். வெள்ளைக்காரன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்துத் தமிழிலேயே சொன்னேன்.

"நான்தாம்ப்பா எடுத்து வெச்சேன். அவன் வெக்கல, நீயும் வெக்கல. கால்ல கிடக்கக் கூடாதுன்னுதான் வெச்சேன். என்னை மன்னிச்சிரு."

முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். வழியனுப்பிப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பான். லேசாகத் தலையைச் சுழற்றிச் சாமியாடிக் காட்டி, தேங்க்யூ சொல்லிவிட்டு வேறொரு கதவு வழியாகப் போனான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தமிழ் தெரிந்தவன் இன்னும் வரிசையில்தான் நின்றிருந்தான். முப்பது அடி இருக்கும். வண்டியை எடு என்று போலீஸ்காரர் கை காட்டினார். எடுத்துவிட்டேன்.