கண்ணாடியை ஏற்றினால் கேட்கும் சத்தம்

எங்கள் காரில் ஒரு சத்தம் இருந்தது. அதைக் கேட்டவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் என் அப்பா, இன்னொருவர் நான். இதில் நான் கேட்டதாகச் சொன்னது பொய்.

அப்போது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. அப்பா காலத்தில் கம்பெனி வேலை. இரும்பு உருப்படிகள் செய்யும் கம்பெனியில், ஹேமர் ஷாப் என்று சொல்லும் பகுதியில் அவர் இருந்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்பை, இரண்டு ஆள் உயர இயந்திரம் ஒன்றின் சம்மட்டி மேலேயிருந்து இறங்கி அடிக்கும். அப்பா அதன் பக்கத்திலேயே நிற்பார், இடது தோள் இயந்திரத்தைப் பார்த்தாற்போல. அப்படிப் பதின்மூன்று வருஷம் நின்றிருந்தார்.

கம்பெனிக்குள் குடும்பங்களை விடுவது ஆயுத பூஜை அன்று ஒரு நாள் மட்டும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான் என்றாலும் பொரி வாங்கப் போவதற்கு அது தடையாக இருந்ததில்லை. அன்று அந்த இயந்திரம் குளித்து, பொட்டு வைத்து, மாலை போட்டுக்கொண்டு சாதுவாக நிற்கும். ஷாப் முழுக்க அவ்வளவு அமைதி. அப்பா எவ்வளவு நல்ல இடத்தில் வேலை பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

காதில் வைத்துக்கொள்ளக் கம்பெனியில் ஆரஞ்சு நிறத்தில் ஸ்பாஞ்சு அடைப்பான் கொடுப்பார்கள். விரல் நுனி அளவு இருக்கும். கசக்கிவிட்டால் மெல்ல மெல்ல உப்பிப் பழையபடி ஆகும். அந்த வேடிக்கைக்காகவே நான் அதைக் கேட்டு அடம் பிடிப்பேன். அப்பாவும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். "அத்த வெச்சுகினா மேல கிரேன் வர்ற மணி கேக்காது. ஆபீசர் வர்ற அன்னிக்கு மட்டும் வெச்சா போதும்" என்பார். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அவை என்னிடம் சேர்ந்திருந்தன.

அந்த வருஷம்தான் அப்பா கார் வாங்கினார். வேறொருவர் ஓட்டிய வெள்ளை டீசல் கார். சவாரி செய்து மகிழ வாங்கியதல்ல, வேலையை விடுவதற்காக வாங்கியது. அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு டிராவல்ஸில் டிரைவராக இருந்தார். கம்பெனி ஆபீசர்களைச் சென்னையிலிருந்து காலையில் கூட்டி வந்து மாலையில் கொண்டுபோய் விட அங்கே ஒரு வண்டி தேவைப்பட்டது. பொங்கல்வரை இடத்தைப் பிடித்து வைப்பதாக மாமா சொல்லியிருந்தார். வேலையை விடுவதற்கான கடிதத்தை அப்பா எழுதி பைபிளுக்குள் வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்த பத்திரமான இடம் அது.

முதல் ஞாயிறு. பாஸ்டர் காரின் முன்பக்கத்தில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பினார். நெடுஞ்சாலை ஏறியதும் அப்பா கண்ணாடிகளை ஏற்றி ஏசி போட்டார். கொஞ்ச தூரம் போனதும் ஏசியை அணைத்தார். தலையை இடது பக்கம் சாய்த்தார்.

"இன்னா சத்தம் அது?"

"ஒண்ணும் காணோமே" என்றார் பின்னால் இருந்த அம்மா.

"கொய்ங்னு வருதே. கேக்கல உனக்கு?"

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல. வண்டி நல்லாதான் கீது, ஓட்டு."

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. தெருவிலேயே முதல் காரை வாங்கிவிட்டு, அதில் குறை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு, அதை யாரும் நம்பாமலும் போனால் ஒரு மனிதர் என்ன செய்வார்? அவர் என் பக்கம் திரும்பி, "பாப்பா, உனக்கு?" என்றார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"கேக்குதுப்பா. கொசு மாரி."

"கொசுவேதான்!" என்று அப்பா ஸ்டியரிங்கில் தட்டினார். பதின்மூன்று வருஷத்தில் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு வயதே ஒன்பது என்பது வேறு விஷயம்.

அன்றுமுதல் நான் சாட்சியானேன். விடுமுறை நாட்களில் அப்பாவும் நானும் மெக்கானிக் ஷாப்களுக்குப் போனோம். முன்சீட்டு எனக்கு. திரும்பும் வழியில் ரோஸ் மில்க். இந்த இரண்டுக்காகவும் சத்தம் நிற்காமல் இருந்தால் தேவலை என்றுகூட நினைத்திருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதலில் போனது பைபாஸ் ஓரத்தில் இருந்த ஷாப்புக்கு. அதை நடத்தியவரை எல்லாரும் பாய் என்று கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடும் எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். டாக்டர் மார்பில் குழல் வைப்பதுபோல இருந்தது. பிறகு சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லியே" என்றார். அப்பா என்னைக் காட்டி, "கொழந்தைக்கே கேக்குது பாய்" என்றார்.

"எந்தப் பக்கம் பாப்பா?"

அப்பா தலையைச் சாய்க்கும் பக்கத்தைத்தான் காட்டினேன். இடது. மறுபடி ஓட்டிப் பார்த்தார், மூன்றாம் சுற்றில் அவருக்கும் லேசாகக் கேட்டது. வேலை வருகிறதென்றால் யாருக்கும் காது கூர்மையாகிவிடும். இடது முன்சக்கரத்தின் பேரிங்கை மாற்றினார்கள். திரும்பி வரும்போது கண்ணாடியை ஏற்றி ஒரு கிலோமீட்டர் வந்திருப்போம், அப்பா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அடுத்தது கவரைப்பேட்டையில் ஒரு ஷாப். அங்கே பெல்ட்டை மாற்றினார்கள். அதற்கடுத்து இன்னொரு இடத்தில் கதவுகளின் ரப்பரை எல்லாம் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டினார்கள். காற்று புகுந்து சத்தம் வருகிறதாம். ரப்பர் மாற்றிய பிறகு கார் முன்னைவிட அமைதியானது. அப்பாவுக்குச் சத்தம் முன்னைவிட நன்றாகக் கேட்டது.

மாமா வந்து அவசரப்படுத்தினார். "எத்தினி நாள் மாமா ஷாப்பு ஷாப்பா சுத்துவ? ஓனர் கேட்டுக்கினே கீறாரு. வண்டிய எட்தா, நான் ஓட்டிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல."

"ஏசி போட்டுகினு தூங்கினு வர்ற ஆபீசரு மச்சான். இந்தச் சத்தத்துல ஒக்காருவாரா? ஒரு நாள் ஒக்காருவாரு, மறுநாள் வேற வண்டி கேப்பாரு. அப்பால கம்பெனிக்கும் போவ முடியாது, இங்கயும் இல்ல. குடும்பத்த வெச்சுகினு நான் எங்க போறது?"

இதைச் சொல்லும்போது அப்பா கத்தித்தான் பேசினார். கோபத்தில் இல்லை, அவர் எப்போதுமே அப்படித்தான். எல்லா அப்பாக்களும் கத்தித்தான் பேசுவார்கள் என்று நான் நம்பியிருந்தேன். டிவி எங்கள் வீட்டில் ஓடினால் தெருக்கோடிவரை செய்தி தெரியும்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். சர்ச்சில் எல்லாரும் கண்ணை மூடி மௌனமாக ஜெபம் பண்ணும் நேரத்தில் அப்பா கண்ணைத் திறந்துகொண்டு மேலே சுற்றும் மின்விசிறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் கண்ணைத் திறந்திருந்ததால்தான் இது எனக்குத் தெரியும் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் எளாவூருக்குப் போனோம். செக்போஸ்டில் நிற்கும் லாரிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அங்கே இருந்தார். காரெல்லாம் தொடமாட்டேன் என்றவர், அப்பா கெஞ்சியதும் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். அவரே ஓட்டினார். மூன்று முறை போய் வந்தார். என்னை எதுவும் கேட்கவில்லை, அதுவே எனக்குக் குறையாக இருந்தது.

பிறகு நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஏரிப் பக்கம் போகும் மண் பாதையில் வெகுதூரம் உள்ளே போய் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எல்லாக் கண்ணாடிகளும் ஏற்றியிருந்தன. வெளியே இரண்டு எருமைகள் வாய் அசைத்துக்கொண்டிருந்தன, அந்தச் சத்தம்கூட உள்ளே வரவில்லை. அப்பா பக்கம் திரும்பினார்.

"இப்ப கேக்குதா நைனா?"

அப்பாவின் தலை இடது பக்கம் சாய்ந்தது. பிறகு மெதுவாகத் திரும்பிப் பின்சீட்டில் இருந்த என்னைப் பார்த்தார். வண்டி நின்றிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்பா பக்கம் நிற்க வேண்டும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

"கேக்குதுப்பா. இடது பக்கம்."

மெக்கானிக் சிரித்துவிட்டார். "சாவி என் பையில கீது பாப்பா." அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"எங்க வேல உனக்கு?"

"ஹேமர்ல."

"எத்தினி வருசம்?"

அப்பா சொன்னார். மெக்கானிக் ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார். "வண்டி தங்கமாட்டம் கீது நைனா. இன்னும் யாராண்டயும் காட்டாத. போய் காத காட்டு" என்றார். கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

காதைக் காட்டச் சொன்னால் அழுக்கு எடுக்கத்தான் என்று நினைத்தேன். அப்பா இதற்குப் போய் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று புரியவில்லை. திரும்பும்போது எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஓட்டினார். லாரிகளின் தூசி முகத்தில் அடித்தது. ரோஸ் மில்க் கடையைத் தாண்டிப் போன பிறகு கேட்டார்.

"நெசமா சொல்லு பாப்பா. என்னிக்காச்சும் உனக்குக் கேட்டுதா?"

"இல்லப்பா."

"சரி" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீடு வந்து சேரும்வரை நான் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தேன், அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு முன்பே கார் போய்விட்டது. வாங்கியவர் ஓட்டிப் பார்த்து, சத்தமே இல்லாத வண்டி என்று பாராட்டினார். பைபிளில் இருந்த கடிதத்தை அப்பா கிழித்துப் போட்டார். மாமாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாசலில் நின்று, வண்டி நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு எதற்கு விற்க வேண்டும், அந்த நரகத்திலேயே கிடக்க வேண்டுமா என்று சத்தம் போட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"கம்பெனில கீறப்போ ஒண்ணும் தெரில மச்சான். ஹேமர் அடிக்கிற வரைக்கும் நிம்மதியா கீது. ஊட்டுக்கு வந்தாதான் பேஜாரு" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்தால்தான் பேஜார். வீட்டில் இருந்தது அம்மாவும் நானும். அம்மா எந்தத் தப்பும் செய்யவில்லை, நான்தான் நான்கு மாதம் பொய் சொன்னவள். ஆகவே அவருக்குப் பேஜார் நான்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அந்தப் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய் தெருமுனைச் சாக்கடையில் கவிழ்த்தேன். ஆரஞ்சு ஸ்பாஞ்சுகள் மூழ்காமல் மிதந்து போயின.

அதன் பிறகு இன்னும் பதினோரு வருஷம் அப்பா அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். ஓவர்டைம் என்றால் முதல் ஆளாகப் போனார். உழைப்பாளி என்று தெருவில் பேர். நான் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு திருவள்ளூரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பெட்டி போன்ற ஓர் அறையில் அப்பாவை உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, கோடு கீழே கீழே இறங்கிப்போன காகிதத்தை என்னிடம் காட்டினார். கொய்ங் என்ற சத்தம் வந்த புதிதிலேயே வேலையை விட்டிருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றார். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதை நான் அவருக்குத் திருப்பிச் சொல்லவில்லை. இப்போது அவருக்கு அந்த ஒரு சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

ஆனால் நான் நினைத்துக்கொள்வது டாக்டர் சொன்னதை அல்ல. கார் போன அந்தப் பொங்கலை. பேஜார் நான்தான் என்று நம்பியதால், அவர் வீட்டில் இருக்கும்போது அவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்வதில்லை, சத்தம் போட்டுப் படிப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளைப் பாடிக் காட்டுவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். நல்ல பெண்ணாகிவிட்டேன் என்று அம்மா சொன்னார். அப்படியே பல வருஷம் இருந்துவிட்டேன். அந்த வருஷங்களில் அப்பாவுக்கு இன்னும் காது கேட்டுக்கொண்டிருந்தது.