பவுனுக்கு வந்த பொங்கல் வாழ்த்து

பிள்ளைகளே, இன்று காலை என் செல்போனுக்கு வந்த பொங்கல் வாழ்த்தில் ஒரு குதிரை ஓடிக்கொண்டிருந்தது. பார்த்ததும் எங்கள் பந்தயக் குதிரை பவுனு நினைவுக்கு வந்துவிட்டது.

என் சின்ன வயதில் ஒரு வருடம் குதிரைவண்டிப் பந்தயத்தில் குரும்பலூர் மாமாவின் வண்டிச் சக்கரம் பவுனின் காலில் உரசிவிட்டது. மாமா என் அம்மாவின் தம்பி. அன்றோடு அப்பா அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். பொங்கல் சீர் கொண்டு தம்பி வருவானா, மாட்டானா என்று அம்மா தவித்துக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் மாமாவிடமிருந்து தபாலில் ஒரு வாழ்த்து அட்டை வந்தது. முகவரியில் அப்பா பெயர் இல்லை. பவுனின் பெயர்தான் இருந்தது.

"உன் தம்பி கொழுப்பைப் பாத்தியா? குதிரைக்கு வாழ்த்து அனுப்புறான்," என்றார் அப்பா.

"அதுக்குப் படிக்கத் தெரியாதுங்க. நீங்கதான் படிச்சுச் சொல்லணும்," என்றார் அம்மா.

வெந்த கொள்ளு மணக்கும் கொட்டகையில் பவுனு முன்னால் நின்று அப்பா சத்தமாகப் படித்தார். "பவுனு, பொங்கல் வாழ்த்து. காலு தேவலையா? தப்பு என்னோடதுதான்."

அப்பா குனிந்து அதன் காலைத் தடவிக்கொடுத்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"'நல்லா நடக்குறேன், சீரோட வாங்க மாமா'ன்னு பவுனு சொல்லுச்சாம். உன் தம்பிக்கு ஆள் அனுப்பு."