ராஜாமணி சாரும் பன்னிரண்டாம் மாதமும்

ராஜாமணி சார் போய்விட்டார்.

காலையில் பழைய ஆபீஸ் ஷாகுல் போன் பண்ணிச் சொன்னான். ஹார்ட் அட்டாக்... சுள்ளிக்கல் வீட்டில், தூக்கத்திலேயே.

எனக்கு அழுகை வரவில்லை. வராததை வந்ததாக எழுதவும் மனசில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்கு... கொச்சி தேவராவில் நான் முன்பு வேலை பார்த்த ஒரு சின்ன ஆபீஸில் அவர் என் டீம் லீட். அமெரிக்க வக்கீல்களுக்கும் பேராசிரியர்களுக்கும் அவர்கள் ஊர் பழைய கோர்ட் உத்தரவு, சர்ச் மினிட்ஸ் என்கிற கூட்டக் குறிப்பு, பிரசங்கம் இவை எல்லாவற்றின் ஒரிஜினலையும் ஆன்லைனில் தேடிக் கொடுப்பது எங்கள் வேலை. மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் ஏறிப் போய், என்றைக்கோ செத்துப்போன பாதிரிமாரின் சண்டைகளைப் படித்துவிட்டு வருவேன்.

ஆபீஸ் குரூப்பில் இப்போது ஒரே 'லெஜண்ட்', 'எங்கள் குரு'. இதே ஆட்கள்தான் அவர் லீவு போட்டால் பழம்பொரி வாங்கிக் கொண்டாடுவார்கள். ஏசி ரிமோட்டை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு மீட்டிங் போகிற மனுஷனை எந்த ஊரில் குரு என்கிறார்கள் என்று தெரியவில்லை.

சரி... வேலை தெரியும். அதை மறுக்க மாட்டேன்.

யாரோ டைப் பண்ணிப் போட்ட பக்கத்தைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "ஒரிஜினல் எங்கே? ஸ்கேனைக் காட்டு, அப்புறம் பேசு."

யுனிவர்சிட்டி லைப்ரரி, ஸ்டேட் ஆர்க்கைவ்ஸ், ஏதோ ஒரு குட்டி ஊர் சர்ச்சின் வெப்சைட்... பாதி லிங்க் திறக்காது. ஆனாலும் ஸ்கேன் கையில் வரும்வரை விடமாட்டார். வந்தபிறகு ஒரு நல்ல வார்த்தையும் வராது. "இதுக்கா இத்தனை நேரம்?" அவ்வளவுதான்.

ஒரு தடவை ஒரு வக்கீலுக்காக, முந்நூறு வருஷத்துக்கும் முந்தைய ஒரு ஆளின் கேஸைத் தேடினோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவர். கோர்ட் அவரைத் தண்டித்தது, சர்ச்சும் விலக்கி வைத்தது. இரண்டில் எது முதலில் நடந்தது? வக்கீலின் வாதம் முழுக்க அதில்தான் நின்றது.

கோர்ட் உத்தரவில் ஜனவரி என்று தெளிவாக இருந்தது. சர்ச் மினிட்ஸை நான்தான் தேடி எடுத்தேன். அதில் 'பன்னிரண்டாம் மாதம்' என்று மட்டும் போட்டிருந்தது.

அந்தக் காலத்தில் அவர்களுக்கு வருஷம் மார்ச்சில் பிறக்கும். மாதப் பெயர்களில் வேறு தெய்வங்கள் இருக்கின்றன என்று சர்ச்காரர்கள் பெயரை விட்டு நம்பர் போடுவார்கள். மார்ச் முதல் மாதம் என்றால் பன்னிரண்டாவது பிப்ரவரி. அப்படித்தான் எழுதினேன். கோர்ட் முதலில், சர்ச் பிறகு.

சார் அதை டிசம்பர் என்று மாற்றி அனுப்பிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்ச் முதலில், கோர்ட் பிறகு என்று கதையே தலைகீழாகிவிட்டது.

சித்திரைக்கு ஒரு வருஷப் பிறப்பு, ஓண மாசத்துக்கு ஒன்று, ஜனவரிக்கு ஒன்று என்று மூன்றையும் கொண்டாடுகிற பாலக்காட்டுத் தமிழர்... மார்ச்சில் ஒரு வருஷம் பிறக்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

வக்கீல் கண்டுபிடித்துவிட்டார். காரசாரமாக மெயில் வந்தது. சார் எல்லாரையும் சிசியில் போட்டுப் பதில் எழுதினார்: இது ஒரு ஜூனியரின் கவனக்குறைவு, கண்டித்துவிட்டோம்.

நேராக அவர் கேபினுக்குப் போய்க் கேட்டேன். தலையை நிமிர்த்தவில்லை. "உன் பேரைப் போடலையே. ஜூனியர்னுதானே போட்டிருக்கேன். அதுக்கு எதுக்காக்கும் இத்தனை கோவம்?"

அந்த ப்ராஜெக்டில் இருந்த ஒரே ஜூனியர் நான்.

அதற்குப் பிறகு எனக்குத் தேடுகிற வேலை வரவில்லை. டைப்பிங் கொடுத்தார்கள். பேப்பர் போட்டுவிட்டு வந்தேன்.

போன மழைக்காலத்தில் போர்ட் கொச்சி போட் ஜெட்டியில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். "இப்போ எங்கே ஜோலி?" என்று கேட்டார், சொன்னேன். போட் லேட்டாவதைப் பற்றி நிறையப் பேசினார். இப்போதாவது சொல்லுவார், இப்போதாவது சொல்லுவார் என்று நின்றேன்... போட் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. அந்தத் தப்பு இவளுடையது இல்லை என்று, அந்த சிசியில் இருந்த அத்தனை பேருக்கும். இனிமேல் அதைச் சொல்ல ஆளில்லை. செத்துப்போனதற்காகவே அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. எழுதவே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் வருகிறது.

மத்தியானம் ஷாகுல் மறுபடியும் கூப்பிட்டான். "சேச்சி, அஞ்சலி கார்டு ரெடி. அவங்க சொந்தக்காரங்களுக்காகத் தமிழ்ல போட்டிருக்கு. எங்களுக்கெல்லாம் மலையாளம்தானே வாசிக்க வரும்... ஒருக்கா நோக்கிட்டுச் சொல்லுங்க."

பார்த்தேன். ஆபீஸ் பழக்கத்தில் யாரோ அமெரிக்கக்காரன் மாதிரி மாதத்தை முன்னால் போட்டுத் தேதி அனுப்பியிருக்கிறார்கள். டிசைன் பண்ணியவர் முதல் நம்பரை நாள் என்று எடுத்துக்கொண்டு, இரண்டாவதை மாதப் பெயராக எழுதிவிட்டார். கார்டின்படி ராஜாமணி சார் இன்னும் வராத ஒரு மாதத்தில் இறந்திருக்கிறார்.

விட்டுவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன்.

பிறகு சரியான மாதத்தைப் போட்டு அனுப்பினேன். ஷாகுல் சொன்னான், "சார் இருந்திருந்தா இதை உடனே பிடிச்சிருப்பார், சேச்சி."



சாயந்திரம் கார்டு குரூப்பில் வந்தது. நான் போட்ட மாதம் அப்படியே இருக்கிறது. யாரும் மாற்றவில்லை.

போங்க, சார்.