அவர் பெயரில் என் பதில்கள்

நான் எழுதிய பதில் ஒவ்வொன்றுக்கும் அடியில் என் முதலாளியின் பெயர் இருந்தது. இதில் அவர் செய்த சூது ஒன்றுமில்லை. கடைக்கு இருந்தது ஒரே ஒரு இண்டர்நெட் கணக்கு. அதை அவர் பெயரில் வாங்கியிருந்தார். அதிலிருந்து யார் எதை அனுப்பினாலும் அவர் பெயர்தான் போகும். கடைசி வரியில் என் பெயரைச் சேர்த்திருக்கலாம். அவர் கடையில், அவர் டெலிபோன் லைனில் உட்கார்ந்துகொண்டு என் பெயரைப் போடக் கை வரவில்லை.

கடை கோயம்புத்தூர் நூறடி ரோட்டில், மாடியில் இருந்தது. முன்பக்கம் பிரௌசிங்குக்கு மூன்று கம்ப்யூட்டர்கள். பின்னால் இருந்த நாலாவதில் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போடும் புரோகிராம்களை ஃபாக்ஸ்ப்ரோ என்ற கம்ப்யூட்டர் மொழியில் நான் எழுதிக்கொண்டிருந்தேன். மதியம் முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார், வாடிக்கையாளர்களும் வரமாட்டார்கள். அந்த நேரத்தில் லைனை நான் எடுத்துக்கொள்ள அவரே சொல்லியிருந்தார்.

அப்படித்தான் இண்டர்நெட்டில் ஒரு குழுவைக் கண்டுபிடித்தேன். ஃபாக்ஸ்ப்ரோவில் மாட்டிக்கொண்டவர்கள் எந்த நாட்டிலிருந்தும் அதில் கேள்வி போடுவார்கள். தெரிந்தவர்கள் பதில் போடுவார்கள். கூலி கிடையாது. நான் முதலில் பதில் சொன்னது ஒரு கனடாக்காரருக்கு. அவர் கம்ப்யூட்டரில் பாதி வாடிக்கையாளர்களின் விவரம் தேடினால் கிடைப்பதில்லை. எது எங்கே இருக்கிறது என்று காட்டும் இண்டெக்ஸ் கோப்பை எத்தனை முறை சரிசெய்தும் பயனில்லை என்று எழுதியிருந்தார். எனக்கு அது அன்றாடச் சங்கதி. வேலை நடுவில் கரண்ட் போனால் இண்டெக்ஸ் கெடும். எங்களுக்குக் கரண்ட் போகாத நாள் ஏது? கெட்டுப்போனதைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்று எழுதினேன். எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று மறுநாள் நன்றி சொல்லியிருந்தார். அதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் வீட்டு ஆட்களிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. வேலை சொல்வார்கள், செய்வோம்.

பிறகு தினமும் எழுதினேன். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. திருப்பூரிலிருந்து வந்த பனியன் கம்பெனிக்காரர் ஒருவரிடம் அவர் பேசியது பின்னால் இருந்த எனக்குக் கேட்டது.

“ஏனுங்க, கனடாவுல இருக்கறவனே நம்மளத்தானுங்க கேக்கறான். உங்க பனியன் கணக்கு எம்மாத்தரம்?”

“நீங்களாங்க பதில் சொல்றீங்க? போன தடவ வந்தப்ப மவுஸைத் தலகீழாப் புடிச்சுட்டிருந்தீங்களே.”

“பேரு நம்முளுது, கை பையனுது. ரெண்டும் ஒண்ணுதானுங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒருநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி மாடியேறியதும் முதலாளி கூப்பிட்டார். “கண்ணு, இங்க வா. என்னைய வேலைக்குக் கூப்புடறாங்க பாரு.”

பெங்களூரில் ஒரு கம்பெனியின் மேனேஜர் எழுதியிருந்தார். குழுவில் உங்கள் பதில்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன், இப்படிப் பொறுமையாக விளக்குகிற ஆள்தான் எங்களுக்கு வேண்டும், மாதம் முடிவதற்குள் ஒருமுறை நேரில் வர முடியுமா என்று கேட்டிருந்தார். முதலாளி தோள் குலுங்கச் சிரித்தார்.

“இந்த வயசுல நானு போயி கைகட்டி நிக்கறதா? நமக்குத் தொழில் இருக்குது, மன்னிக்கணும்னு மரியாதையா ஒண்ணு எழுதிப் போட்டுரு.”

“சேரிங்கண்ணா” என்றேன். எழுதவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். சூலூருக்குத் தெற்கே முதலாளி குடும்பத்துத் தோட்டத்தில்தான் அவருக்கு வேலை. எனக்குக் கடையில் வேலை கிடைத்ததும் அந்த வழியில்தான். அப்பா கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

“அவிய பேருக்கு வந்தத நீ எப்படி எடுத்துக்குவ?”

“எழுதுனது நானுங்கப்பா.”

“அந்தத் தென்னம்புள்ள அத்தனையும் நட்டது நாந்தான். தோப்பு ஆரோடது?”

கால் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு ஒரு யோசனை மிச்சமிருந்தது. என் பெயரில் இலவசமாக ஒரு மின்னஞ்சல் முகவரி வாங்கினேன். குழுவில் என் பெயரிலேயே பதில் எழுதி, நாலு பேர் நல்லபடியாகச் சொன்னதும், அதைக் காட்டிப் பெங்களூருக்கு எழுதலாம் என்று திட்டம். இரண்டாயிரம் பிறக்கப்போகிறது, என் புரோகிராம் அதை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எடுத்துக்கொள்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் படிப்படியாக, எனக்குத் தெரிந்த அத்தனையும் வைத்து எழுதினேன். அதுவரை நான் எழுதியதிலேயே நல்ல பதில் அதுதான்.

கனடாக்காரர்தான் முதலில் வந்தார். “புதியவரே, வருக. பதில் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனாலும் நம் கோயம்புத்தூர் நண்பர் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை பொறுப்போம்” என்று போட்டிருந்தார். கேள்வி கேட்டவரும் முதலாளி பெயரைக் குறிப்பிட்டு, இந்தப் புதியவர் சொல்வதை நம்பலாமா ஐயா என்று கேட்டிருந்தார்.

இரண்டும் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். யார் நம்புவார்கள் என்பது ஒருபக்கம். நம்பிவிட்டால் அத்தனை பேர் முன்னால் முதலாளி பொய்க்காரர் ஆகிவிடுவார். கேள்வியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதில் இல்லாமல் அந்த மனிதர் அங்கே காத்திருந்தார். கடைசியில் முதலாளி பெயரில் நுழைந்து, புதியவர் சொல்வது சரி, தாராளமாகச் செய்யலாம் என்று எழுதினேன்.

“நீங்கள் சொன்னால் சரிதான். மிக்க நன்றி” என்று முதலாளிக்குப் பதில் வந்தது. புதியவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் முதலாளிக்கு ஞாபகம் வந்துவிட்டது. “அந்தப் பெங்களூர்க்காரருக்கு எழுதுனியா கண்ணு?”

“இல்லீங்கண்ணா. அந்தப் பதிலெல்லாம் நான் எழுதுனதுதானுங்களே. என்னைய வரச் சொல்லுவாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டுங்களா?”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கேக்கலாம், யாரு வேண்டாங்கறா. ஆனா உன்னைய அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க கூப்புட்டது என்னையல்லொ?” திரையில் இருந்த தன் பெயரைத் தொட்டுக் காட்டினார். “இத்தன நாளும் நானு ஏமாத்திட்டிருந்தேன்னு ஆயிரும். திருப்பூர்க்காரங்க காதுக்கும் போகும். அப்பறம் உங்கப்பன் தோட்டத்துல எம்மூஞ்சிய எப்படிப் பாப்பான்? எனக்கொண்ணுமில்ல கண்ணு. உன்ற இஷ்டம்.”

அதை மிரட்டல் என்று சொல்ல முடியாது. என் அப்பாவின் சங்கடத்தை நினைத்து அவர் உண்மையாகவே வருந்தினார். இஷ்டம் என்று அவர் சொன்ன பிறகு எனக்கென்று எந்த இஷ்டமும் மிஞ்சவில்லை.

அவர் பக்கத்தில் இருக்கும்போதே எழுதினேன். தங்கள் அழைப்பு எனக்குப் பெரிய கௌரவம், ஆனால் சொந்தத் தொழிலை விட்டு வர இயலாத நிலையில் இருக்கிறேன் என்று இங்கிலீஷில் அடித்து, அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன்.

“இன்னுங் கொஞ்சம் பணிவாப் போடு. பெரிய கம்பெனி.”

போட்டேன். மோடம் இரைந்து லைன் கிடைத்ததும் அனுப்பினேன். அவர் என் முதுகில் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். மெயில் பெட்டியில் குழுவிலிருந்து புதிதாகச் சில கேள்விகள் வந்திருந்தன, எல்லாம் அவர் பெயருக்கு. முதல் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க எனக்கு வரவில்லை. நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டு எழுத ஆரம்பித்தேன்.