அய்யாவு வந்தாச்சுங்க

இது கட்டுக்கதை இல்லை. கூடலூர்ப் பக்கம் எந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலாவது போய்க் கேளுங்கள். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நகராமல் நின்றீர்களானால் அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள். ராஜரத்தினம் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அவர் குடிக்கிறவர் இல்லை, கோழைத்தனமும் கிடையாது. ஆனால் நடந்தது அவருக்குத்தான். அதுவும் ராத்திரியில் நடக்கவில்லை. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மே மாதத்தில் ஒரு நாள் நடுவட்டம் மலையில் மஞ்சு இறங்கும் நேரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

சிலோனிலிருந்து நம் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ராஜரத்தினத்துக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை, அதனால் அவன் என்றே சொல்கிறேன். அங்கே ஒரே தோட்டத்தில் அவனோடு வளர்ந்த கூட்டாளிகள் மூன்று பேர். கங்காணி மகன் தங்கையா, லாரி ஓட்டப் பழகிய தனசிங், தூங்குமூஞ்சி அய்யாவு. ஏப்ரல் மாதம் வந்தால் நான்கு பேரும் லாரி பிடித்து நுவரெலியாவுக்குப் போய்விடுவார்கள். குதிரைப் பந்தயம், ராட்டினம், சூதாட்டக் கடை எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பாக்கெட் காலியானதும் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்புவார்கள்.

ராஜரத்தினத்தின் தங்கை சின்னம்மையைக் கட்டியவன் இந்த அய்யாவுதான். கல்யாணத்துக்கு முன்பே அண்ணன் குடும்பத்தோடு அவள் பேரும் பதிவாகியிருந்ததால், அவர்களுடைய கப்பல் தேதி வந்தபோது அவளும் கிளம்ப வேண்டியதாயிற்று. அய்யாவின் முறை வரவில்லை. வரும், வரும் என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கொழுந்து எடுத்துவிட்டு வந்ததும் சின்னம்மை தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ராஜரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவான். கூட்டி வந்தவன் அவன்தானே.

அந்த மே மாதம் நல்ல செய்தி வந்தது. அய்யாவு தலைமன்னாருக்கு வந்துவிட்டான், இந்த வாரக் கப்பலில் ஏறிவிடுவான் என்று முன்னால் வந்த ஒருவர் சொன்னார். சின்னம்மை அன்றைக்கே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கூட்டாளிகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஊட்டியிலும் சீசன் நடந்துகொண்டிருந்தது. தனசிங் இங்கே வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் முதலாளியிடம் கேட்டு ஒரு நாள் வேனை வாங்கிவிட்டான்.

புறப்படும் முன் பழைய வழக்கப்படி தங்கையா வேனுக்கு முன்னால் நின்று பெரட்டுப் போட்டான். பெரட்டு என்றால் தெரியுமல்லவா? காலையில் வேலைக்கு அனுப்பும் முன் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவது. கூப்பிட்டதும் "வந்தாச்சுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். எவனாவது தூங்கிவிட்டால் கூட்டாளி ஒருவன் அவனுக்காகக் குரல் கொடுத்துவிடுவான். எல்லாத் தோட்டத்திலும் நடக்கிற திருட்டுத்தனம்தான். ஆனால் அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மலைக்குப் போய் ஆளுக்கொரு நிரையில், அதாவது செடி வரிசையில், இறங்குவதற்குள் அவன் எப்படியாவது வந்து சேர்ந்துவிட வேண்டும். வராவிட்டால் குரல் கொடுத்தவனுக்கும் அன்றைய கூலி போச்சு. அய்யாவுக்காக ராஜரத்தினம் குரல் கொடுக்காத வாரமே இல்லை. அய்யாவும் ஒரு நாள்கூட அவனை மாட்டிவிட்டதில்லை. காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்த நாளும் உண்டு.

"தனசிங்!"

"வந்தாச்சுங்க!"

"ராஜரத்தினம்!"

"வந்தாச்சுங்க!"

தங்கையா சிரித்துக்கொண்டே நான்காவது பேரையும் கூப்பிட்டான். "அய்யாவு!"

ராஜரத்தினத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லயமே திரும்பிப் பார்க்கும்படி மச்சானுக்காகக் கத்தினான். "வந்தாச்சுங்க!"

வாசலில் நின்ற சின்னம்மை வெட்கப்பட்டு உள்ளே ஓடினாள். ஃபாக்டரியில் ஏழு மணிச் சங்கு ஊதியது. வேன் கிளம்பியது.

நடுவட்டம் தாண்டும்போது தனசிங் மூக்கைச் சுளித்தான்.

"யாருடா கருவாடு கொண்டாந்தது?"

யாரும் கொண்டு வரவில்லை. ஆனால் வாசம் இருந்தது. கருவாடு என்றுகூடச் சொல்ல முடியாது. கடற்கரை வாசம். சுற்றிலும் தைல மரக் காடு. கண்ணாடியை இறக்கிவிட்டும் அது போகவில்லை.

ஊட்டியில் கூட்டமான கூட்டம். ராட்டினத்தில் ஒரு பெட்டிக்கு நான்கு பேர். இவர்கள் மூவரும் ஏறி உட்கார்ந்தார்கள். நான்காவதாக ஏற வந்த ஒரு ஆளை ராட்டினக்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க, இந்தப் பொட்டி நெறஞ்சிருச்சுங்க. நீங்க அடுத்ததுல ஏறிக்கங்க."

அந்த ஆளும் எட்டிப் பார்த்துவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் நகர்ந்துகொண்டார். ராஜரத்தினம் தன் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தான். கூட்டத்தில் மனிதருக்குக் கண் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ராட்டினம் சுற்றியது. உச்சிக்குப் போனதும் நின்றது. கீழே பந்தய மைதானத்தில் குதிரைகள் எறும்பு மாதிரி தெரிந்தன. அய்யாவுக்கு உயரம் என்றால் பயம். நுவரெலியாவில் உச்சிக்கு வந்ததும் ராஜரத்தினத்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். அதை நினைத்து ராஜரத்தினம் சிரித்தான்.

அப்போது அவன் மணிக்கட்டை ஏதோ இறுக்கிப் பிடித்தது.

குனிந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. தோல் மட்டும் குழிந்திருந்தது... நான்கு விரல் இருக்கும் இடத்தில் நான்கு குழி.

கீழே வந்து இறங்கும்போது கையைத் தட்டினான். பொடி மணல் உதிர்ந்தது. நண்பர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ராட்டினத்துக்கே பயந்துவிட்டான் என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிப்பார்கள்.

அடுத்தது சூதாட்டக் கடை. படம் போட்ட துணியை விரித்து, டப்பாவில் கட்டை குலுக்கிக் கவிழ்ப்பார்கள். கட்டையில் விழும் படத்தின்மேல் காசு வைத்தவனுக்கு யோகம். தங்கையா முண்டியடித்து முன்னால் போனான். கடைக்காரர் டப்பாவைத் தூக்கியவர் அப்படியே நிறுத்திவிட்டார். ராஜரத்தினத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க சேக்காளியைக் கையை எடுக்கச் சொல்லுங்க. கட்டை குலுக்கோணும்."

"எந்தச் சேக்காளிங்க?"

"பக்கத்துலயே நிக்கிறாரே, கம்பளி போத்திட்டு. துணியெல்லாம் மண்ணாக்கறாருங்க."

ராஜரத்தினம் துணியைப் பார்த்தான். படத்தின் மேல் ஒரு கை அளவுக்கு மணல் படிந்திருந்தது. வெள்ளை மணல். நீலகிரியில் எங்கே தோண்டினாலும் செம்மண்தான் வரும். தங்கையாவும் அதைப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "போலாம்டா" என்றான். மூவரும் நேராக வேனுக்கு நடந்தார்கள்.

பைக்காரா தாண்டியதும் மஞ்சு இறங்கியது. மணி நாலுகூட ஆகியிருக்காது. முன்னால் ரோடு இல்லை, மரம் இல்லை, வெறும் வெள்ளை. தனசிங் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

ஒரு சத்தமும் இல்லை.

பின் சீட்டு கிரீச்... என்றது. மூவரும் முன்னால்தான் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"கர்த்தாவே" என்று முனகினான் தனசிங்.

பயத்தைப் போக்கத் தங்கையாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். திரும்பும்போது போட வேண்டிய பெரட்டை அங்கேயே ஆரம்பித்தான். "தனசிங்."

"வந்தாச்சுங்க."

"ராஜரத்தினம்."

"வந்தாச்சுங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தானாம். பழகிய நாக்கு கேட்கவில்லை.

"அய்யாவு..."

ராஜரத்தினம் உதட்டைக் கடித்துக்கொண்டான். இந்தத் தடவை குரல் கொடுக்கவில்லை.

கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது.

பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள்...

ரொம்ப தூரம் ஓடி வந்தவன் மூச்சு வாங்குகிற மாதிரி...

"வந்தாச்சுங்க."

அய்யாவின் குரல்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மஞ்சில் தனசிங் எப்படி வேனை ஓட்டினான் என்பது அவனுக்கே தெரியாது. லயத்துக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. சின்னம்மை வாசலில் நின்றாள். ராஜரத்தினம் இறங்கி அவள் எதிரில் போய் நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. இரண்டு வருஷமாக அவளிடம் அவன் பார்க்காத முகம் அது.

"வாங்க" என்றாள். "ஏன் இப்படி மெலிஞ்சி போயிட்டீங்க?"

ராஜரத்தினம் அங்கேயே சுருண்டு விழுந்தான்.

அவன் காய்ச்சலில் கிடந்த அந்த வாரக் கடைசியில், அதே சிலோன் தோட்டத்துக்காரியான வேலாயி வந்து சேர்ந்தாள். அய்யாவு வந்திருக்க வேண்டிய கப்பலில் வந்தவள். ராஜரத்தினத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"தம்பி... கப்பலுக்கு மொத நா சாயங்காலமே அய்யாவு போயிட்டான். நல்ல காய்ச்சல். கம்பளியோட கடலோரம் மணல்லதான் பொதச்சோம். நானும் ஒரு கை மணல் அள்ளிப் போட்டேன்."

ராஜரத்தினம் தன் மணிக்கட்டைப் பார்த்தான்.

"விடிஞ்சதும் பேரு கூப்பிட்டு ஏத்துனாங்க. அய்யாவுன்னாங்க. செத்துட்டான்னு சொல்ல நான் வாயத் தொறக்குறேன்... பின்னால இருந்து வந்தாச்சுங்கன்னு ஒரு சத்தம். அவனும் ஏறிட்டதா எழுதிக்கிட்டாங்க."

"எந்த நேரம்?"

"ஏழு மணி இருக்கும்."

வேலாயி அவன் முகத்தையே பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள். பிறகு சொன்னாள்.

"அது ஒன் சத்தம் தம்பி."

மச்சான் குரல் கொடுத்தால் அய்யாவு வந்துதானே ஆக வேண்டும்? அவன் ஒரு நாளும் மாட்டிவிட்டதில்லை. மணலுக்குள் கிடந்தவனும் எழுந்து ஓடி வந்திருக்கிறான். ராஜரத்தினம் அழுதான். பயமா துக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை.

சின்னம்மையிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கோபப்படவில்லை. "நீதானேண்ணே கூப்பிட்டு வந்த" என்றாள். இரண்டு பேருக்குச் சமைத்தாள். காலையில் வாசல் பெருக்கும்போது முறத்தில் வெள்ளை மணல் அள்ளிக் கொட்டினாள். நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டே போனாள். கையில் வளையல் நிற்கவில்லை.

வேலாயிதான் வழி சொன்னாள். "பெரட்டுல வந்தவன பெரட்டுலதான் அனுப்பணும். மூணு தடவ பேரு கூப்பிடுங்க. ஒருத்தரும் வாயத் தொறக்காதீங்க. பதில் இல்லேன்னா ஆள் வரலேன்னு அர்த்தம். போயிருவான்."

ஒரு சாயங்காலம் சின்னம்மையின் வீட்டு வாசலில் நின்றார்கள். கதவு சாத்தியிருந்தது. ராஜரத்தினம் துண்டை வாயில் அடைத்துக்கொண்டான். தங்கையா கூப்பிட்டான்.

"அய்யாவு!"

பதில் இல்லை.

"அய்யாவு!"

உள்ளே யாரோ மூச்சு வாங்கினார்கள்... ஆனால் பதில் இல்லை. தங்கையாவின் கண்ணில் நீர் வழிந்தது. இன்னும் ஒரே தடவை.

"அய்யாவு!"

கதவுக்குப் பின்னாலிருந்து கணீரென்று குரல் வந்தது.

"வந்தாச்சுங்க!"

சின்னம்மையின் குரல்.

அதற்கப்புறம் யாரும் முயற்சி செய்யவில்லை. மழைக்காலம் தொடங்கியது. ஒரு நாள் காலைப் பெரட்டுக்குச் சின்னம்மை வரவில்லை. சாக்கைப் போர்த்திக்கொண்டு எல்லாரும் நனைந்தபடி நின்றார்கள். சூப்பர்வைசர் குனிந்தபடியே பேர்களைக் கூப்பிட்டார்.

"சின்னம்மை!"

வரிசையின் பின்னால் ஒரு ஆண் குரல்... மூச்சிரைக்க...

"வந்தாச்சுங்க."

ராஜரத்தினம் ஓடினான். கதவு திறந்துதான் இருந்தது. சின்னம்மை தலை சீவி, பூ வைத்துப் படுத்திருந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. விடியும் முன்பே உயிர் போயிருக்க வேண்டும் என்றார்கள். சேதி கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டு மலையில் இறங்கியிருந்த எல்லாரும் லயத்துக்கு வந்துவிட்டார்கள். அன்று யாரும் ஒரு கூடைகூட எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து மறுநாள் வேலைக்குப் போனபோதுதான் பார்த்தார்கள். மற்ற நிரைகளெல்லாம் விட்ட இடத்தில் அப்படியே நின்றிருந்தன. சின்னம்மையின் நிரையில் மட்டும் முதல் செடியிலிருந்து கடைசிச் செடி வரைக்கும் கொழுந்து எடுத்து முடித்திருந்தது.