மாருமோ கடைக்காரம்மா

சுயாமா ஊரில் மாருமோவைத் தெரியாதவர் கிடையாது. வட்டத்துக்குள் 'மோ' என்று எழுதிய பச்சைப் பலகை இன்று ஒகயாமாவிலிருந்து ஹிரோஷிமா வரைக்கும் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் நிற்கிறது. அந்தத் துணிக்கடைகளின் முதலாளி தோகுஜி மோரிதானியைப் பற்றி வணிகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளிவிட்டன. அவர் மனைவி மசுயோவைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இருந்திருக்காது.

டோக்கியோவில் முதல்முறை ஒலிம்பிக் நடந்த வருஷம் மசுயோ குராஷிகியிலிருந்து மருமகளாக வந்தாள். அப்போது மாருமோ என்பது கடைவீதியில் ஒற்றைக் கதவு வைத்த ஆண்கள் துணிக்கடை. மாமனார் உள்ளே அளவெடுத்துக் கோட்டு தைப்பார். தோகுஜி வாசலில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் இடுப்பு வளையக் கும்பிடு போடுவார். மாமனார் போய்ச் சேர்ந்ததும் தோகுஜி சரக்குக்காக ஆலைகளுக்கு அலைய ஆரம்பித்தார், கடை மசுயோவின் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது ஊரார் பேச்சு. அவளுக்கு அது பிடித்திருந்தது. ஊர் முழுக்க அவளைக் 'கடைக்காரம்மா' என்று கூப்பிட்டது, அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் தானும் ஒரு ஆள்தான் என்று அவளுக்குத் தோன்றும்.

மலைப்பக்கத்து விவசாயப் பெண்கள் புருஷனுக்குச் சட்டை எடுக்க வருவார்கள். 'வாங்க வாங்க' என்று ஒரு குரல் விழுந்ததுமே சட்டையைத் தொட்ட கையை எடுத்துவிடுவார்கள். கடைக்காரர் வாய் திறந்து பேசிவிட்டார் என்றால் ஒன்றும் எடுக்காமல் வெளியே போவது அந்த ஊரில் மரியாதை இல்லை. அதற்குப் பயந்தே பாதிப் பேர் படியேறுவதில்லை. மசுயோ இதைக் கவனித்தாள். ஆள் வந்தால் ஒரு தடவை தலையைத் தாழ்த்திவிட்டு, தையல் மிஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கால்சட்டைக்கு மடிப்புத் தைக்க உட்கார்ந்துவிடுவாள்.

"ஆள் வந்திருக்கு, நீ பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்க?" என்று தோகுஜி கோபித்தார்.

"முதுகைக் காட்டினாத்தாங்க அவங்க துணியைத் தொட்டுப் பாக்குறாங்க. நீங்க வாசல்ல நின்னு கும்பிட்டா, பாவம், போலீஸைக் கண்ட மாதிரி எதிர்ச் சாரிக்கு ஓடுறாங்க."

"எங்கப்பா காலத்துலேர்ந்து கும்பிட்டுத்தான் வித்திருக்கோம்."

"அதான் இன்னும் ஒத்தைக் கதவோட நிக்கிறோம்."

மனுஷன் முட்டாள் இல்லை. கொஞ்ச நாள் உம்மென்று இருந்து பார்த்தார். கல்லா நிறைவதைப் பார்த்ததும் வாசலில் நிற்பதை விட்டுவிட்டார்.

மற்றது ஊருக்குத் தெரிந்த கதை. புறவழிச்சாலை ஓரம் ஒரு வயலை வாங்கி, கார் நிறுத்த இடம் விட்டு, கொட்டகை மாதிரி ஒரு கடையைக் கட்டினார். நாலைந்து மாதிரிதான் இருக்கும், ஆனால் எல்லா அளவும் எல்லா நிறமும் கிடைக்கும். விற்காத துணியை ஆலைக்கே திருப்பி அனுப்புவதுதான் அந்தத் தொழிலில் வழக்கம், அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் ஆலைக்காரன் விலை சொல்லுவான். தோகுஜி, "ஒண்ணுகூடத் திருப்ப மாட்டேன், வெலையக் கொறை" என்று ஒரு ஆலையின் மொத்தச் சரக்கையும் வாங்கினார். ஒரு குளிர்காலம் முழுக்கப் பூசை மாடத்தை மறைத்துக்கொண்டு ஃபிளானல் சட்டைகள் வீட்டுக்குள் அடுக்கிக் கிடந்தன. விற்காமல் போயிருந்தால் குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும். அந்தத் துணிச்சல் அவருடையதுதான், அதை அவரிடமிருந்து யாரும் பிடுங்க வேண்டாம்.

ஆனால் கடைக்குள் நடந்தது மசுயோவின் ராஜ்யம். எந்த நிறம் ஓடும் என்று அவள்தான் சொன்னாள். வேலைக்கு வந்த பெண்களை அவள்தான் பழக்கினாள்.

"துணியை மடி. மடிச்சுக்கிட்டே இரு. வந்தவங்க மூஞ்சியப் பாக்காத. அவங்களாக் கூப்பிட்டா மட்டும் ஓடு."

"பேசாம இருந்தா திமிர்னு நெனைப்பாங்களே, கடைக்காரம்மா?"

"நெனைச்சுக்கிட்டே ரெண்டு சட்டை எடுப்பாங்க, போ."

ஆறாவது கடை திறக்கும் சமயம், இனி இதை ஒழுங்கான கம்பெனியாக நடத்துங்கள், நிர்வாகக் குழு வையுங்கள் என்று வங்கிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு கோடை மதியம் ஐஸ் தண்ணீரில் கிடந்த சோமென் நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் தோகுஜி கேட்டார்.

"குழுவுல உன் பேரையும் போடட்டுமா?"

எத்தனையோ நாளாக மசுயோ காத்திருந்த கேள்வி. ஆனால் கேட்டவுடன் 'போடுங்க' என்று கையை நீட்டுவது எப்படி? பக்கத்து வீட்டார் ஒரு பெட்டி பீச் பழம் கொண்டுவந்தால்கூட முதல் தடவை பின்வாங்க வேண்டும், அவர்கள் மறுபடி நீட்ட வேண்டும், அப்புறம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் வளர்த்திருந்தார்கள்.

"இருக்கட்டுங்க" என்றாள்.

அந்த ஊர்ப் பேச்சிலும் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். 'இருந்துவிட்டுப் போகட்டும், போடுங்கள்' என்றும் ஆகும், 'எதுக்கு, வேண்டாம்' என்றும் ஆகும். கேட்கிறவர் குரலை வைத்துப் புரிந்துகொள்வார், புரியாவிட்டால் இன்னொரு தடவை கேட்பார். அங்கே பிறந்து வளர்ந்த எவரும் இதில் தடுமாறுவதில்லை.

"சரி" என்றார் தோகுஜி. மசுயோ சாப்பிடாமல் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள். அவர் பார்லித் தேநீர் கேட்டார்.

அந்தச் 'சரி' எந்தச் சரி என்று அவளுக்கு இலையுதிர்காலத்தில்தான் தெரிந்தது. வழக்கம்போல ஏப்ரன் கட்டிக்கொண்டு புறவழிச்சாலைக் கடைக்குப் போனாள். ஒசாகாவிலிருந்து புதிதாக வந்திருந்த மேலாளர் நிஷிவாகி ஓடிவந்து, தலை முழங்காலில் இடிக்கிற மாதிரி குனிந்தார்.

"அம்மா, நீங்க எதுக்குச் சிரமப்படணும்? உக்காருங்க. முதலாளி வீட்டம்மா வந்திருக்காங்க, தேநீர் கொண்டாங்கம்மா."

மூடி போட்ட கிண்ணத்தில், அடித்தட்டு வைத்துத் தேநீர் வந்தது. விருந்தாளிக்குத்தான் அப்படித் தருவார்கள். அவள் பழக்கிய பெண்ணே அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் துணி மடிக்கப் போனாள். குழுவில் தன் பெயர் இல்லை என்று அதற்குமேல் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மசுயோ தேநீரைக் குடித்து முடித்தாள், நன்றி சொன்னாள், வீட்டுக்கு வந்து ஏப்ரனைத் துவைத்துப் போட்டாள்.

கணவரிடம் அவள் கேட்கவில்லை. தப்பு தன்னுடையது என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லத் துப்பில்லாத வாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அரிசி களையும்போது யாருக்கும் கேட்காமல் 'போடுங்க, என் பேரையும் போடுங்க' என்று சொல்லிப் பார்த்துக்கொள்வாள். பாவம், மனுஷர் வேலைக் களைப்பில் தப்பாகப் புரிந்துகொண்டார் என்பதுதான் அவளுக்கு மிஞ்சியிருந்த ஆறுதல். அந்த ஆறுதலை வைத்துக்கொண்டே அவளுக்கு முடி நரைத்தது.

கம்பெனியின் வெள்ளிவிழா வந்தது. ஒகயாமாவிலிருந்து ஷிமோசே என்ற பத்திரிகைக்காரப் பெண் பேட்டிக்காக வீட்டுக்கு வந்தாள். மசுயோ பீச் பழம் நறுக்கிக் கொண்டுபோய் வைத்தாள்.

"வந்தவங்ககிட்ட பேசாத கடைன்னு உங்களுக்கு எப்படிங்க தோணிச்சு?" என்று கேட்டாள் ஷிமோசே.

"வாலிபத்துல ஒசாகாவுல ஒரு பெரிய கடைக்குள்ள போனேன்" என்றார் தோகுஜி, வாய் கூசாமல். "விக்கிறவன் என்னை விடாம தொரத்துனான். அன்னைக்கே மனசுல முடிவு பண்ணிட்டேன்."

ஒசாகாவில் மொத்த வியாபாரிகளின் கிடங்கைத் தவிர வேறெங்கும் அவர் கால் வைத்ததில்லை. மசுயோ தட்டைக் கொஞ்சம் ஷிமோசேயின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அம்மாவுக்கு வியாபாரத்துல ஆசையே இல்லையாங்க?"

மசுயோ வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "குழுவுல பேர் போடட்டுமான்னு நானே கேட்டேன். 'இருக்கட்டும்'னுட்டா. இவளுக்கு வீடு போதும்."

ஷிமோசே சிரித்தாள், குறித்துக்கொண்டாள், நாலு தடவை குனிந்து விடைபெற்றுப் போனாள். வாசல் கதவு சாத்தியதும் மசுயோ வந்து அவருக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் போடுங்கன்னுதாங்க சொன்னேன்."

அடடா, அப்படியா என்று அவர் பதறுவார், ஒரு வார்த்தை வருத்தமாவது சொல்லுவார் என்று நினைத்தாள். அவர் ஒரு பழத்துண்டைக் குச்சியால் குத்தி எடுத்தார்.

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்கூடக் குடித்தனம் பண்றவனுக்குத் தெரியாதா? ஆலைக்காரன் வந்தா உங்கிட்டதான் பேசுனான். பேங்க்காரன் வந்தா, கடைக்காரம்மா எங்கன்னுதான் கேட்டான். எனக்குன்னு ஒரு எடம் வேணாமா?" என்றார். குரலில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? வயசாச்சு ரெண்டு பேருக்கும்."

செய்யாத தப்புக்காக இத்தனை காலம் தன்னைத் திட்டிக்கொண்டதும், அதே மூச்சில் அவரை மன்னித்துக்கொண்டதும் அவளுக்குக் கசந்தது. அவரைப் பார்க்கப் பிடிக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு நின்றாள், அழுகைகூட வரவில்லை.

கூடத்திலிருந்து அவர் தேநீர் கேட்டார். அவள் கொண்டுபோய் வைத்தாள்.